நட்சத்திர நேரத்தில் பன்னிரண்டு பேர்

ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்று ஊரில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது சூரியனை நம்பிப் பிழைப்பவர்களுக்கு. நட்சத்திரங்களை நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஒரு நாள் என்பது இருபத்து மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம்தான். நான் ஐந்து மாதம் அப்படிப் பிழைத்தேன். நேற்று எட்டு மணிக்கு இட்லி என்றால் இன்றைக்கு ஏழு ஐம்பத்தாறுக்கு. நாளைக்கு ஏழு ஐம்பத்திரண்டு. இப்படியே நகர்ந்து நகர்ந்து மூன்றாவது மாதம், இந்தியக் கடிகாரப்படி விடியற்காலை இரண்டு மணிக்கு இட்லி சாப்பிட்டோம். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குச் சூரியனைத் தெரியாது. எங்களுக்கும் அப்போது தெரியாது. ஏப்ரலில் மறைந்த சூரியன் ஆகஸ்ட் கடைசியில்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

இடம் அண்டார்ட்டிகா. கடல் மட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உயரத்தில், தட்டையான பனிமேடு. காற்றில் ஈரம் என்பதே கிடையாது. துவைக்காத பனியனை வெளியே கொண்டுபோய் உதறினால் அழுக்கு தனியாக, பனியன் தனியாக வந்துவிடும். அங்கே எங்கள் நிலையம், பன்னிரண்டு பேர், ஒரு தொலைநோக்கி.

அந்தத் தொலைநோக்கி எதைப் பார்த்தது என்று சொல்லிவிடுகிறேன். பிரபஞ்சம் பிறந்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் வருடம் ஆனபோது கிளம்பிய வெளிச்சம் ஒன்று உண்டு. ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடம் நடந்து நடந்து களைத்து, ஆறிப்போய், கண்ணுக்குத் தெரியாத மைக்ரோவேவாக இப்போதும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அதன் சூடு, இதற்குமேல் குளிரவே முடியாது என்ற அடிமட்டத்திலிருந்து மூன்று டிகிரிகூட இல்லை. அந்தச் சூட்டிலும் அங்கங்கே லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அதைவிட மெல்லியதாக, குழந்தை தலையில் இருப்பது மாதிரி சுழிகள் இருக்கலாம் என்று ஒரு கணக்கு சொல்லியது. சுழி இருந்தால், பிரபஞ்சம் பிறந்த முதல் கணத்தில் எப்படி உப்பியது என்பதை ஒரே ஓர் எண்ணாகச் சொல்லிவிடலாம். அந்த எண்ணைத் தேடித்தான் போனோம்.

நான் விஞ்ஞானி இல்லை. பெயர் தஸ்நேவிஸ். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரி மெக்கானிக்காக முப்பது வருடம் இருந்தவன். தொலைநோக்கியின் உணரிகளை அடிமட்டத்திலிருந்து ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சூட்டில் வைத்திருக்க ஆள் தேடினார்கள். மீனுக்கு ஐஸ் போட்டவனுக்கு அது பெரிய தூரமில்லை. இன்னும் இருநூற்று எழுபது டிகிரி இறக்கினால் போதும். போனேன்.

நிலையத்தின் தலைவி குழல்வாய்மொழி, தென்காசிக்காரி, நாற்பத்திரண்டு வயது. அந்த ஓர் எண்ணுக்காகப் பத்தொன்பது வருடம் கொடுத்தவள். அதில் கல்யாணத்துக்கு நான்கு நாள், அம்மாவின் சாவுக்கு இரண்டு நாள் மட்டும் லீவு எடுத்தவள் என்று சொல்லிக்கொள்வார்கள். வந்து இறங்கிய முதல் நாளே எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இந்த உணரிங்க ரொம்பக் கூர்மை. நேரா வானத்தப் பார்த்துக்கிட்டு இருந்தாலும் ஓரக்கண்ணால தரையையும் பார்த்துக்கிட்டேதான் இருக்கும். ஒரு மனுச உடம்பு முப்பத்தேழு டிகிரி. நாம தேடுதது ஒரு டிகிரியில கோடியில ஒரு பங்கு. நீங்க ஒருத்தர் அடுப்படியிலேருந்து கக்கூசுக்குப் போனாகூட அதுக்குத் தெரியும்."

"அப்ப நாங்க போகக் கூடாதா மேடம்?" என்று சமையல்காரர் சிக்கந்தர் கேட்டார். மேலப்பாளையத்துக்காரர்.

"போலாம். ஆனா தினமும் ஒரே நேரத்துல போகணும். தினமும் அதே ஆள், அதே இடம், அதே நேரம்னா மெஷின் அதப் படிச்சுக்கும். படிச்சதக் கழிச்சிடும்."

"நான் தும்மினா?" என்றேன்.

"எப்பெப்பத் தும்முதீங்கன்னு ஒரு வாரம் குறிச்சுக் குடுங்க அண்ணாச்சி. வளவன் கணக்குல சேர்த்துக்குவார்."

வளவன் என்பவர் வரைபடம் போடுகிறவர். கரூர்க்காரர், முப்பத்து நான்கு வயது, எதையும் சிரிக்காமல் எழுதிக்கொள்வார். நானும் குறித்துக் கொடுத்தேன். எனக்குத் தும்மல் காலையில் ஒன்பது பதினொன்றுக்கும் சாயங்காலம் ஆறு நாற்பதுக்கும் வருகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.

தொலைநோக்கி நட்சத்திர நேரத்தில் ஓடுகிறது, கணினிகளும் அப்படியே. மனிதர்கள் மட்டும் எதற்கு வேறு கடிகாரத்தில் என்று சுவர்க் கடிகாரங்களையும் அதற்கே மாற்றினார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. அங்கே வேறு எந்தக் கடிகாரமும் எங்களுக்கு உபயோகப்படவில்லை என்பதுதான் காரணம். தினமும் நான்கு நிமிடம் முன்னதாக எழுந்தோம், தின்றோம், படுத்தோம். நிலையத்து டாக்டரம்மா இரண்டு முறை புகார் எழுதினார். நாங்கள் தூக்கத்தில்கூட ஒரே நேரத்தில் புரள்கிறோம், இது நல்லதற்கில்லை என்று. வளவன் அந்தப் புகாரைப் படித்துவிட்டு, புரளும் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

நான்காவது மாதம் வரைபடத்தில் சுழி தெரிந்தது. எண்ணும் கிடைத்தது: ஆயிரத்தில் பதினொன்று.

எங்களிடமிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நார்வேக்காரர்களின் தொலைநோக்கி ஒன்று அதே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கேயும் பன்னிரண்டு பேர். தலைவர் ஹால்வர் என்ற பேராசிரியர். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் படத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாது, பார்த்தால் கண் அதையே தேடும். அதனால் இருவரும் தங்கள் எண்ணை மட்டும் மூடிய உறையில் மூன்றாவது ஆளான ஒரு நடுவருக்கு அனுப்புவார்கள். நடுவர் இரண்டையும் பிரித்துப் பார்த்து ஒரே வரியில் பதில் போட்டார்: எண்கள் பொருந்துகின்றன.

அன்றைக்குக் குழல்வாய்மொழி இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டாள். அடுத்த மாதம் இறுதி எண்ணைக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் இரண்டு குழுவும் சேர்ந்து உலகத்துக்கு அறிவிக்கும். தலைமையகத்தில் பூமாலைக்கே சொல்லிவிட்டார்கள் என்று கேள்வி.

அறிவிப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வளவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மேடம், பன்னெண்டு பேர்ல ஒருத்தர் அவரோட இடத்துல இல்லீங்க."

"எப்ப?"

"மார்ச் கடைசியிலிருந்தேங்க. தினமும் அரை மணி நேரம் அடுப்படி சூடு குறையுது. மெஷின் இல்லாத ஆளைக் கழிச்சுக்கிட்டு இருக்குது."

எல்லோரும் சிக்கந்தரைப் பார்த்தோம். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிதானமாகக் கழுவி முடித்தார்.

"நான்தான் மேடம். வெளிய இருக்குத ஃபோன் கொட்டகைக்குப் போவேன்."

"உங்களுக்குப் பேசுத நேரம்தான் பட்டியல்ல இருக்கே பாய்."

"இருக்கு. மொத நாள் அது ஊர்ல சாயங்காலம் அஞ்சு மணி. இப்ப அது காலைல ஏழு மணியாயிடுச்சு. எம் பொஞ்சாதி ஜுலைகா தையல் கிளாஸ் நடத்துதா. அஞ்சு மணிக்குத்தான் அவளுக்கு ஓய்வு. இருபத்திரண்டு வருசமா அஞ்சு மணிக்குத்தான் நாங்க சண்டை போடுதோம். காலைல ஏழு மணிக்கு யாரு மேடம் சண்டை போடுவா?"

கேள்வி நியாயமானது.

அந்தச் சண்டையை நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். இவர், "நான் இங்க மைனஸ் அறுபதுல நின்னுக்கிட்டு இருக்கேன்டி," என்றார். அந்தப் பக்கம், "யாரு நிக்கச் சொன்னா? உள்ள போயி நில்லுங்க," என்றது. நடுவில் ஒரு மாதம் மூன்று நாளைக்கொரு தடவை சாம்பார் அடிப்பிடித்ததற்கும் எனக்கு இப்போதுதான் காரணம் விளங்கியது. ஊரில் மணி ஐந்தாகும்போது எங்களுக்குத் தாளிக்கும் நேரமாக இருந்திருக்கிறது.

குழல்வாய்மொழி குரலை உயர்த்தவில்லை. அவள் உயர்த்தாதபோதுதான் பயமாக இருக்கும். "பத்தொன்பது வருசம் பாய்," என்றாள். "பன்னெண்டு பேரு அஞ்சு மாசம் மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். ஒரு அரை மணி நேரச் சண்டைக்காக..."

சிக்கந்தர் தலைகுனிந்து நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன்.

"வளவன் தம்பி, பாய் கொட்டகைக்கு நடந்த சூடு படத்துல எங்கன விழுந்திருக்கு?"

"எங்கேயும் இல்லீங்க அண்ணாச்சி. அவர் ஊர் நேரத்துல நடந்தாரு, வானம் நட்சத்திர நேரத்துல சுத்துது. தினமும் நாலு நிமிஷம் தள்ளித் தள்ளி விழுந்து, மெல்லிசாப் பரவி, ஒண்ணுமில்லாமப் போச்சு. தேடினாலும் கிடைக்காது."

"ஒழுங்கா இருந்த நாங்க?"

"உங்களையெல்லாந்தான் கழிச்சாச்சே."

"எவ்வளவுன்னு பார்த்துக் கழிச்சீங்க?"

"மெஷின் படிச்சுக்கிச்சுங்க. தினமும் நட்சத்திர நேரப்படி ஒரே நேரத்துல, ஒரே இடத்துல எது வருதோ அதை..."

வளவன் நிறுத்திவிட்டார். குழல்வாய்மொழி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?"

"டாக்டரம்மா," என்றேன், "மீனையும் ஐஸையும் சேர்த்தே எடை போட்டா மீன் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. ஐஸ்காரன் சொன்னதுதான் எடை. நான் ஐஸ்காரன், எனக்குத் தெரியும்."

"நட்சத்திர நேரத்துல ஒரே நேரம் ஒரே இடத்துல வர்றது நாம மட்டுமில்ல," என்று குழல்வாய்மொழி மெதுவாகச் சொன்னாள். "வானமும் அப்படித்தான் வருது. நாம அதோட சேர்ந்து சுத்தியிருக்கோம். எது நாம, எது வானம்னு மெஷினுக்குத் தெரிஞ்சிருக்காது. கொஞ்சம் வானத்தக் கழிச்சிருக்கும். கொஞ்சம் நம்மள வானத்துல விட்டிருக்கும்."

"அப்ப அந்தச் சுழி?"

"நாம இட்லிக்கு வரிசையில நிக்குததா இருக்கலாம்."

ஐந்து மாதம் ஒழுங்காக இருந்த பதினொரு பேரும் கெடுத்தவர்கள், ஒழுங்கு தவறிய ஒரே ஆள்தான் சுத்தம் என்று ஆகிவிட்டது. சிக்கந்தர் இதை ரசித்திருக்கலாம். அவர், "காபி போடட்டுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். மணி காபிக்குரிய மணி இல்லை. "போடுங்க," என்றாள்.

காபி குடித்துவிட்டு நடுவருக்குக் கடிதம் எழுதினாள். எங்கள் எண்ணைத் திரும்பப் பெறுகிறோம். காரணம் உறுதியானதும் தெரிவிக்கிறோம்.

தலைமையகத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ஃபோன் வந்தது. ஒலிபெருக்கியில் பேசியதால் எல்லோரும் கேட்டோம்.

"ரெண்டு தொலைநோக்கி பொருந்துதுன்னு நடுவரே சொல்லியாச்சு. இதுக்கு மேல என்னம்மா உறுதி வேணும்?"

"அது ஏன் பொருந்துதுன்னு எனக்குத் தெரியல சார். ஆனா என்னோடது தப்பா இருக்கலாம்."

"இருக்கலாம்தானே? தப்புன்னு இல்லையே?"

"சரின்னும் இல்ல சார்."

"நார்வேக்காரங்க தனியா அறிவிச்சா பேரு அவங்களுக்குப் போயிடும். புரியுதா?"

"புரியுது."

"அக்டோபர்ல வர்ற முதல் விமானத்துல புதுத் தலைவர் வருவார். அதையும் புரிஞ்சுக்கோங்க."

ஒன்பதாவது நாள் நார்வேக்காரர்கள் தனியாக அறிவித்தார்கள். ஆயிரத்தில் பதினொன்று. உலகம் முழுக்கப் பட்டாசு. எங்கள் நிலையத்தைப் பற்றி ஒரு பத்திரிகை மட்டும் இரண்டு வரி எழுதியது. அதில் ஒரு வரியில் எங்கள் இடத்தின் பெயர் தப்பு.

குழல்வாய்மொழி அதைப் படிக்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. ஐஸைத் தனியாக எடை போட வேண்டும். அதாவது, நாங்கள் வானத்தோடு ஒட்டாமல் இருக்க வேண்டும். இனிமேல் யாரும் எந்த நேரத்தையும் பின்பற்றக் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

மனிதர்களுக்கு அது அத்தனை சுலபமில்லை. ஐந்து மாதப் பழக்கம். நட்சத்திர நேரம் எட்டு அடித்தால் பன்னிரண்டு பேரும் தட்டோடு வந்து நின்றோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போனோம். பிறகு டாக்டரம்மா தன் பெட்டியிலிருந்து தாயக்கட்டை எடுத்தார். ஒவ்வொருவரும் தூங்கி எழுந்ததும் உருட்ட வேண்டும். தாயம் விழுந்தால் உடனே சாப்பாடு, இரண்டு விழுந்தால் வெளியே நடை, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி தூக்கம். எனக்குத் தொடர்ந்து நான்கு தடவை பன்னிரண்டு விழுந்தது. இரண்டு நாள் நான் எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது பதினொன்றுக்குத் தும்மல் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தேகால் வரை வைத்திருந்து தும்மினேன். அதில் என் பக்கத்துப் படுக்கைக்காரர் இடம் மாறிப் படுத்தார். அவரையும் வளவன் குறித்துக்கொண்டார்.

சிக்கந்தருக்கு மட்டும் விலக்கு. "நீங்க அஞ்சு மணிக்கே சண்டை போடுங்க பாய்," என்று குழல்வாய்மொழி சொல்லிவிட்டாள். "நீங்கதான் எங்க அளவுகோல்."

நாற்பது நாள் கழித்து வளவன் புதுப் படத்தைத் திறந்தார். அதற்குள் அடிவானத்தில் சூரியன் ஆரஞ்சுச் சுளை மாதிரி எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தது. யாரும் அதைப் பார்க்கப் போகவில்லை. எல்லோரும் திரைக்கு முன்னால் நின்றோம்.

இடது பக்கத்துப் பெரிய சுழி இல்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். அதற்குப் பக்கத்தில் இருந்ததும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் போயின. இது சாப்பாட்டு அறை, இது படுக்கை வரிசை, இது என் கம்ப்ரசர் அறை என்று வளவன் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். குழல்வாய்மொழி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். வளவன் விசையைத் தட்டிய ஒவ்வொரு தட்டலுக்கும் பத்தொன்பது வருடம் கொஞ்சமாகக் கழிந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க."

"யாரோடது?"

வளவன் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். திரும்பப் பார்த்தார். முதல் ஐந்து மாதத்தின் படத்தை ஒரு பக்கமும் தாயக்கட்டை நாற்பது நாளின் படத்தை ஒரு பக்கமும் வைத்தார். இரண்டிலும் அது இருந்தது. மங்கலாக, மெல்லியதாக, வானத்தின் குறுக்கே சுழிந்து சுழிந்து, இரண்டிலும் ஒரே இடத்தில்.

"யாரோடதும் இல்லீங்க மேடம்."

"இன்னொரு தடவ நாளைப் பிரிச்சுப் போடுங்க. ஒத்த நாள் தனியா, ரெட்டை நாள் தனியா."

போட்டார். அங்கேயே இருந்தது.

"அண்ணாச்சி வெளிய போன நாள், போகாத நாள்."

அங்கேயே இருந்தது.

"பாய் சண்டை போட்ட நேரம், போடாத நேரம்."

அங்கேயே இருந்தது. நாங்கள் நின்றோம், நடந்தோம், தூங்கினோம், தும்மினோம்; அது ஒரு நூலிழை நகரவில்லை. எண்: ஆயிரத்தில் நான்கு.

குழல்வாய்மொழி திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்மளக் கண்டுக்கவே இல்ல அண்ணாச்சி."

சிக்கந்தர் சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய் பிரியாணிக்கு அரிசியை ஊறவைத்தார். அது எந்த வேளைச் சாப்பாடு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்று மணி நேரம் தின்றோம், ஆடினோம். டாக்டரம்மா மேசைமேல் ஏறி ஆடியதில் மேசையின் கால் ஒன்று போனது. அடிமட்டக் குளிரில் இருந்த உணரிகள்கூட அன்றைக்கு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடேறியதாக என் பதிவேட்டில் இருக்கிறது. நான்தான் எழுதினேன்.

தலைமையகத்துக்கு விஷயம் போனதும், ஏழு வாரத்துக்கு முன் புதுத் தலைவரைப் பற்றிப் பேசிய அதே குரல், மாலையைப் பற்றிப் பேசியது. "உடனே அறிவிச்சிடுங்கம்மா. நார்வேக்காரங்க எண் தப்புன்னு நாளைக்கே சொல்லணும். உலகமே திரும்பிப் பார்க்கும்."

"நாளைக்கு வேண்டாம் சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு ரேடியோவில் நார்வே நிலையத்தைக் கூப்பிடச் சொன்னாள்.

இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்குப் புரிந்த மட்டில் இவ்வளவுதான். ஹால்வர் சந்தோஷமாக இருந்தார். அவருக்கு அடுத்த வாரம் ராஜா விருந்து கொடுக்கிறாராம், ரேடியோ வழியாக.

"பேராசிரியரே, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஆட்கள் எந்தக் கடிகாரப்படி சாப்பிடுகிறார்கள்?"

"நட்சத்திர நேரப்படிதான். உங்களைப் போலவே. தொலைநோக்கியோடு ஒத்துப்போக வேண்டாமா? ஏன்?"

அவள் ஏன் என்று சொன்னாள். நிதானமாக, ஒரு குற்றமும் சொல்லாமல், தன்னுடைய தப்பைச் சொல்வது மாதிரியே சொன்னாள். அங்கேயும் பன்னிரண்டு பேர். மனித உடம்பு நார்வேயிலும் முப்பத்தேழு டிகிரிதான். இரண்டு எண்ணும் ஏன் பொருந்தின என்பது அவருக்கு அவள் முடிப்பதற்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும்.

"நீங்கள் எப்போது அறிவிக்கப் போகிறீர்கள்?" என்று கடைசியில் கேட்டார். குரல் வயதானவர் குரலாக மாறியிருந்தது.

"உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும்?"

"நாற்பது."

"எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்களே திரும்பப் பெறுங்கள். பிறகு அளந்து பாருங்கள். நாங்கள் எண்ணைச் சொல்ல மாட்டோம், உங்களுக்கும் சொல்ல மாட்டோம்."

"ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?"

"உங்கள் எண் இல்லாமல் என் எண் தனியாக இருக்கிறது. தனியாக இருப்பது போதாது."

ராஜா விருந்துக்கு முந்தின நாள் ஹால்வர் தன் எண்ணைத் திரும்பப் பெற்றார். அவர் பட்ட பாட்டை நான் சொல்லப்போவதில்லை. அவருடைய ஆட்கள் தாயக்கட்டைக்கு எங்கே போனார்கள் என்றும் தெரியாது. நாங்கள் நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். தும்மலை அடக்கி வைப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. தலைமையகம் தினமும் கூப்பிட்டது. புதுத் தலைவர் விமானத்தில் ஏறிவிட்டார் என்றார்கள். இறங்கிவிட்டார் என்றார்கள். மறுபடி ஏறிவிட்டார் என்றார்கள். குழல்வாய்மொழி, "வரட்டும் சார், இடம் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாற்பத்தோராவது நாள் ரேடியோ அழைத்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்த பலகையில் எங்கள் எண்ணை அவள் ஏற்கெனவே எழுதி, மேலே ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தாள். பன்னிரண்டு பேரும் நின்றோம். ஹால்வர் வணக்கம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை. எண்ணை மட்டும் ஒவ்வொரு இலக்கமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி வாசித்தார்.

குழல்வாய்மொழி துணியை எடுத்தாள். அவர் சொன்னதை எழுதுவதற்காகச் சாக்கட்டியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பிறகு புதிதாக ஒன்றும் எழுதாமல், எங்கள் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டாள்.